கலைக்களஞ்சியத்துக்குள் இருந்த பதினொரு சீட்டுகள்: ஒரு கிளை நூலக நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் பக்கமாக இருக்கும் ஒரு பேரூராட்சியின் கிளை நூலகத்தில் நடந்தது இது. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிடுகிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, அவர் வேண்டாம் என்றதை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

விசைத்தறியும் மஞ்சளும் ஆடுமாடும் ஊரின் பிழைப்பு. சனிக்கிழமை தறிக்கூலி கைக்கு வரும், ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடும். நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நான் நூலகர், துணைக்குத் தினக்கூலியில் ஒரு தம்பி இருக்கிறார். காலையில் செய்தித்தாள் படிக்கும் பெரியவர்கள், பகலில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், மாலையில் வார இதழ் தேடி வரும் சில பெண்கள். எங்கள் கூட்டம் அவ்வளவுதான்.

உள்ளறையில் மேற்கோள் நூல்களுக்கு ஒரு அலமாரி. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் அதில் உண்டு. அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன் எங்கள் கொங்கு மண்ணுக்காரர். அந்தப் பெருமை பேச்சில்தான். புரட்டுவோர் யாருமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். மேற்கோள் நூலை வீட்டுக்குக் கொடுப்பதில்லை, அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட வேண்டும். வெளியே போகாத புத்தகம் என்ற இந்த ஒன்றுதான் பிற்பாடு எல்லாவற்றுக்கும் விளக்கமாக ஆனது.

புத்தகத்துக்குள் ஏதாவது கிடைப்பது எங்களுக்குப் புதிதல்ல. பேருந்துச் சீட்டு, திருநீற்றுப் பொட்டலம், மயிலிறகு, நகைக்கடை ரசீது என்று வருஷத்துக்கு ஒரு டப்பா சேரும். சிலர் ஏற்கெனவே படித்த நாவலை மறுபடி எடுத்துப் போகாமலிருக்கத் தங்களுக்கென ஓர் அடையாளம் போட்டுவைப்பார்கள். ஸ்காட்லாந்தில் டண்டீ நகர நூலகம் ஒன்றில் புத்தகம் புத்தகமாக 7ஆம் பக்க எண்ணுக்கு அடிக்கோடு இருந்ததும், ஒற்றர் வேலையோ என்று கிளம்பிய பேச்சு கடைசியில் வயதான வாசகர்களின் அடையாளக் குறி என்று முடிந்ததும் செய்தியில் வந்த கதை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் உதவவில்லை.

கண்டது

ஆடி மாதம் கரையான் மருந்து அடிக்க நூலகத்தைப் பத்து நாள் மூடினோம். அலமாரிகளைக் காலிசெய்து புத்தகங்களை வெளி வராந்தாவில் பெஞ்சு போட்டு அடுக்கினோம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நாலு பேர் ஒத்தாசைக்கு வந்தார்கள். அதில் ஒருவர் ஒரு தொகுதியைத் தூசு தட்டும்போது சீட்டு ஒன்று தெரிந்தது. மூன்று விரல் அகலத்தில் வெட்டிய வெள்ளைத்தாள். நீல மையில் மேலிருந்து கீழாக எழுத்துகள்.

லைஃஃ
மலைஃ
மஃஃ
னிலைஃ

இப்படி. வேறு தொகுதிகளையும் புரட்டினோம். மொத்தம் பதினொரு சீட்டுகள். எல்லாம் ஒரே கை, அழுத்தமான உருண்டை எழுத்து. பெயர் இல்லை, தேதி இல்லை. எட்டுச் சீட்டுகளில் முதல் வரி 'லைஃஃ', இரண்டாம் வரி 'மலைஃ'. மற்ற மூன்றிலும் முதல் வரி 'பஃஃஃ'. ஆய்த எழுத்தை மூன்று சின்னப் புள்ளிகளாக வைத்திருந்ததால் அது எழுத்தென்றே எங்களுக்குப் படவில்லை. கணக்கில் 'ஆகவே' என்பதற்குப் போடும் முப்புள்ளி என்றார் ஒரு பிள்ளை.

முதல் முடிவும் அதன் காரணமும்

சீட்டுகள் பதினொன்றையும் எடுத்து ஓர் உறையில் போட்டு என் மேசை இழுப்பறையில் வைத்தேன். அந்த நேரத்தில் இதுதான் முறையான வேலையாகத் தோன்றியது. மருந்து அடிக்க ஆள் காத்திருக்கிறார், புத்தகங்கள் வெயிலில் கிடக்கின்றன, சீட்டு பறந்துவிடக் கூடாது. எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று குறித்துவைக்கவில்லை. அது ஒரு தகவல் என்றே தோன்றவில்லை. இந்த நிகழ்வில் நான் செய்த பெரிய பிழை அந்த ஐந்து நிமிடத்தில் நடந்தது.

திறந்த பிறகு கலைக்களஞ்சியத்தைக் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டினேன். இது இரண்டாவது முடிவு. யாரோ புத்தகத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், பூட்டினால் நின்றுவிடும் என்று நினைத்தேன்.

வதந்தி

ஒத்தாசைக்கு வந்த பிள்ளைகளில் ஒருவர், சீட்டுகளை நான் எடுப்பதற்கு முன்பே மூன்றைப் பக்கத்தோடு சேர்த்துப் படம் பிடித்திருந்தார். அன்றிரவே அது ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா!

எல்லார் கண்ணும் 'மலைஃ' என்பதில் நின்றது. மலை, பக்கத்தில் மூன்று புள்ளி. ஆக மலையில் மூன்று பேர் சந்திக்கிறார்கள். வீரப்பன் 2004இல் முடிந்துபோனாலும், எங்கள் பக்கம் மலை என்று ஒருவர் மெதுவாகச் சொன்னால் இன்னொருவர் காதைத் தீட்டிக்கொள்வார். கஞ்சா என்றார்கள். காதல் என்றார்கள். கொடுமணல் பானை ஓட்டு எழுத்து மாதிரி இருக்கிறது, புதையல் வழி என்றும் ஒருவர் சொன்னார். அந்த ஊர் அகழாய்வில் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்ததிலிருந்து இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிறுக்கலும் வெறும் கிறுக்கலாக இருக்க முடியாது.

நாலாம் நாள் காவலர் ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். சீட்டுகளைக் காட்டினேன். வருகைப் பதிவேட்டை ஒரு வாரம் எடுத்துப்போகட்டுமா என்றபோது, எழுத்து மூலம் கேளுங்கள், மேலிடத்துக்கு அனுப்பிச் சொல்கிறேன் என்றேன். யார் எந்தப் புத்தகத்தைத் தொட்டார் என்பது குற்றம் ஒன்று நடந்ததாகத் தெரியும்வரை யாருக்கும் தேவையில்லாத விஷயம் என்று எனக்குப் பட்டது. அவரும் வற்புறுத்தவில்லை.

இதை இவ்வளவு நிமிர்ந்து சொல்லிவிட்டு அடுத்ததையும் சொல்லியாக வேண்டும். அன்று சாயங்காலம் நூலகத்தைப் பூட்டிய பிறகு அதே பதிவேட்டைப் பிரித்துவைத்துச் சீட்டின் கையெழுத்தோடு நானே ஒப்பிட்டுப் பார்த்தேன். அதிலும் இளைஞர்களின் பெயர்களை மட்டும். இரண்டு பக்கம் புரட்டியதும் சங்கடமாகி மூடிவிட்டேன். காவலருக்கு மறுத்த காரணம் எனக்கும் பொருந்தும் என்று தோன்றக் கொஞ்சம் நேரமானது.

எழுத்து பிரிந்தது

சீட்டுகளில் இருப்பதை எல்லாம் ஒரு முழுத்தாளில் வரிசையாக எழுதினேன். எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது மறைமொழியை உடைக்கப் பழைய வழி. 9ஆம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் அல்-கிந்தி எழுதிவைத்தது. எண்ணினேன். அதிகம் வந்தது ஆய்தம், அடுத்தது 'லை'. ஆனால் என்னை நிறுத்தியது வேறு. தமிழில் எழுத்து 247. பதினொரு சீட்டுகளையும் சேர்த்தால் வேறுவேறான எழுத்துகள் பத்தே பத்துதான். பத்து எழுத்தால் செய்தி எழுத முடியாது. எண் எழுதலாம்.

மறுநாள் வாசகர் வட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் தாளைக் காட்டினேன். ஈரோட்டில் ஜவுளி மொத்தக்கடையில் வெகுகாலம் கணக்கு எழுதியவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர் சிரித்துவிட்டார்.

“ஏனுங்க மேடம், இது அசல் வெலைங்க. சேலைச் சீட்டுல விக்கிற வெலைய நம்பர்ல போட்டுட்டு, கொள்முதல் வெலைய இப்படி எழுத்துல போடுவோம். எது வரைக்கும் கொறைக்கலாம்னு கடைப் பையனுக்குத் தெரியோணும், வாங்க வந்தவங்களுக்குத் தெரியக் கூடாது.”

கடைக்குக் கடை ஒரு திறவுச்சொல் இருக்குமாம். ஒரே எழுத்து இரண்டு முறை வராத சொல்லாகப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக ஒட்டிக்கொள்வார்கள். கண்ணபுரம் மாட்டுச்சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவது போலத்தான் இதுவும். நன்னூல் இதையெல்லாம் குழூஉக்குறி என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும். உரைகாரர்கள் பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். பள்ளியில் மனப்பாடம் செய்தவள்தான் நான்.

சீட்டுகளிலேயே நீளமானதை எடுத்தோம். அதில் பத்து வரிகள்: லைஃஃ, மலைஃ, மஃஃ, னிலைஃ, னிஃஃ, ழலைஃ, ழஃஃ, பலைஃ, பஃஃ, லைஃ. ஒன்றுவிட்டு ஒன்று 'லைஃ' என்று முடிகிறது, மற்றவை 'ஃஃ' என்று. ஆய்தம் பூஜ்யம் என்றால் இது ஐம்பது, நூறு என்று மாறி மாறி வருவது. மேலிருந்து கீழே ஐம்பது ஐம்பதாகக் குறைகிறது. லை ஐந்து, ம நாலு, னி மூன்று, ழ இரண்டு, ப ஒன்று. ஒன்றிலிருந்து எழுதிப் பாருங்கள் என்றார். எழுதினேன். ப, ழ, னி, ம, லை.

“யாண்டவா!” என்று பெரியவர் முடித்தார். மிச்சமிருந்த நாலு எழுத்தும் அதேதான்: யா ஆறு, ண் ஏழு, ட எட்டு, வா ஒன்பது. இந்தப் பக்கம் பழனிமலையாண்டவரைக் கும்பிடாத ஜவுளிக்கடை ஏது? அதனால் எந்தக் கடை என்று இதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஊரை உலுக்கிய 'மலைஃ', வெறும் 450 ரூபாய்.

கணக்கு சொன்னது

எட்டுச் சீட்டுகள் 500 ரூபாயில் தொடங்கி ஐம்பது ஐம்பதாக இறங்கின. மூன்று, 1,000 ரூபாயில் தொடங்கி நூறு நூறாக. கைமாற்றுக் கணக்கு. கடைசி வரிகளைக் கூட்டினால் நிலுவை 4,450 ரூபாய்.

என் பயம் அடுத்த இடத்துக்குப் போனது: கந்துவட்டியாக இருந்தால்? தமிழ்நாட்டில் 2003இலிருந்து அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. தெரிந்தும் மூடிவைக்க முடியாது. ஆனால் சீட்டே பதில் சொன்னது. ஐந்நூறு, பத்துத் தவணை, தவணைக்கு ஐம்பது. வட்டிக்கு அதில் இடமே இல்லை. தண்டல்காரர் கொடுக்கும்போதே ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கையில் வைப்பார். எழுதியவர் லாபத்துக்குக் கொடுக்கிறவர் அல்ல.

காவலரைக் கூப்பிட்டு எண்ணைப் படித்துக் காட்டினேன். தலையில் கை வைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

அவர் யார்

இதற்குள் ஐந்தாவது வாரம். உதவியாளர் தம்பி ஒரு நாள் சொன்னார்: “அக்கா, ஒரு பாட்டி திங்கக்கிழம திங்கக்கிழம வந்து கண்ணாடி பீரோ முன்னாடி நின்னு பாத்துட்டு, ஒண்ணும் கேக்காமப் போயிடறாங்க.”

சனிக்கிழமை கூலி, ஞாயிறு வசூல், திங்கள் வரவு வைப்பது. எனக்குச் சட்டென்று விளங்கியது. மறைமொழி என்றதும் நானும் ஊரும் இருபது வயது ஆண்பிள்ளைகளைத்தான் பார்த்தோம். கண்முன் நின்ற ஆளைப் பார்க்கவில்லை.

நேரே போய்க் கேட்டிருக்கலாம். வேண்டாம் என்று முடிவெடுத்தேன். மறைக்க இவ்வளவு பாடுபட்டவரை நாலு பேர் செய்தித்தாள் படிக்கும் இடத்தில் நிறுத்தி விசாரிப்பது சரியில்லை. நான் நினைத்தவர் அவர் இல்லை என்றால் இன்னும் மோசம். பீரோவைத் திறந்து தொகுதிகளைப் பழைய அலமாரிக்கே கொண்டுவந்தேன். வாட்ஸ்அப் படத்தில் தெரிந்த ஒரு பக்கத்தில் என் கையால் ஒரு சீட்டு வைத்தேன். 'மமலைஃ' என்று ஒரு வரி. அதன் கீழே 'பத்திரம்'.

அடுத்த திங்கள் அவர் உள்ளறைக்குப் போனார். கால் மணி நேரம் கழித்து என் மேசைக்கு வந்து, சீட்டை மடக்கியபடியே நீட்டினார்.

“அம்மிணி, கூட்டல் சரியா இருக்குதுங்.”

எழுபதைத் தாண்டியவர். ஜவுளிக்கடையில் இருபது வருஷத்துக்கு மேல் சேலை மடித்து விலைச்சீட்டு எழுதியவர். ஆடு விற்ற காசைக் கையில் வைத்துக்கொண்டு, தெரிந்த பெண்களுக்கு அவசரத்துக்குக் கொடுத்து வாங்கிவந்தார். வீட்டில் எழுதிவைத்தால் மகன் கண்ணில் படும். பட்டால் முதல் மிஞ்சாது. வாங்கிய பெண்களின் வீட்டுக்காரர்களுக்கும் தெரியக் கூடாது. கைபேசியைப் பேரப்பிள்ளைகள் நோண்டுவார்கள். “வெளிய போகாத பொஸ்தகம், யாரும் தொறக்காத பொஸ்தகம். பேங்கு லாக்கர் மாதிரிங்” என்றார். மகன் அந்தப் படத்தைக் காட்டி, உங்க எழுத்தாட்ட இருக்குதே என்று கேட்டானாம். ஊருல உருண்டையா எழுதறவ நான் ஒருத்திதானா என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார்.

சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக மேசையில் பரப்பியவர் முகம் மாறியது. “எந்தப் பக்கத்துல இருந்துச்சுங் இது?”

சீட்டில் இருந்தது தொகை மட்டும்தான். ஆள் யார் என்பது புத்தகத்தில் இருந்தது. எருமை வளர்க்கிறவளுக்கு எருமைக் கட்டுரை இருக்கும் பக்கம். பூப்பெயர் கொண்டவளுக்கு அந்தப் பூவின் பக்கம். (இந்த இரண்டு தலைப்புகளையும் மாற்றித்தான் சொல்கிறேன்.) சீட்டை எடுத்தவருக்குப் பெயர் தெரியாது, புத்தகத்தைப் பார்த்தவருக்குத் தொகை தெரியாது. அவ்வளவு கச்சிதமான ஏற்பாட்டில் பாதியை நான் ஓர் உறைக்குள் போட்டுக் கலைத்துவிட்டேன். கொடுமணலில் ஓடு எடுத்தவர்கள் எந்தக் குழி, எத்தனை ஆழம் என்று எழுதாமல் ஓட்டைத் தொடுவதில்லை. அந்த நிமிஷம் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

பின்விளைவு

மூன்று சீட்டுகளுக்கு இடம் கிடைத்தது, அதுவும் எனக்குக் கோபம் மூட்டிய அதே வாட்ஸ்அப் படத்தால். பக்கத்தோடு சேர்த்து எடுத்திருந்ததால் கட்டுரைத் தலைப்பு தெரிந்தது. ஐந்தைத் தொகையை வைத்து அவரே நினைவிலிருந்து சொன்னார். 800, 300, 200 ரூபாய் நிலுவை உள்ள மூன்று சீட்டுகளுக்கு ஆள் தெரியவில்லை. யாரிடமும் போய் நீ எனக்குத் தர வேண்டுமா என்று கேட்க அவர் தயாராக இல்லை. “குடுத்தவ மறந்தாலும் வாங்குனவ மறக்க மாட்டா, வருவாங்” என்றார். இரண்டு பேர் தாங்களாகவே வந்து கொடுத்தார்கள். 800 ரூபாய்க்காரர் வரவில்லை.

கணக்கு நின்றுபோன அந்த ஐந்து வாரமும் அவர் யாருக்கும் புதிதாகக் கொடுக்கவில்லை. பள்ளிச் செலவுக்குக் கேட்டுவந்த ஒரு பெண் தண்டலுக்குப் போனார் என்று பிறகு தெரிந்தது.

நூலகச் சொத்தைச் சொந்தப் பெட்டியாகப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி இருந்தது. விதியைப் பார்த்தால் கூடாதுதான். ஆனால் ஒரு பக்கம் கிழியவில்லை, ஒரு கோடு விழவில்லை. இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகம் பயன்பாட்டுக்கே என்பது. அவர் இந்தப் பயன்பாட்டை நினைத்திருக்க மாட்டார் என்றாலும், அந்தப் பத்துத் தொகுதிகளையும் எங்கள் ஊரில் வாரம் தவறாமல் திறந்தவர் இவர் ஒருவர்தான். பக்கம் தேடும்போது அந்தந்தக் கட்டுரையையும் படித்துவிடுவாராம். எருமையைப் பற்றி என்னைவிட அவருக்கு நிறையத் தெரியும். தடுக்கவில்லை. தொலைந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று மட்டும் சொன்னேன். பீரோவில் ஒரு தட்டு ஒதுக்கித் தரட்டுமா என்று கேட்டதற்கு, அப்படிச் செய்தால் அது எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்றார். சரிதான்.

மாற்றியவை

புத்தகத்துக்குள் எது கிடைத்தாலும் இப்போது முதலில் ஒரு நோட்டில் எழுதுகிறோம்: நூல், தொகுதி, பக்கம், தாளின் எந்த முகம் மேலே இருந்தது. எழுதிய பிறகுதான் தொடுவது. புத்தகத்துக்குக் கேடில்லை என்றால் இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறோம். அடுக்கு மாற்றும்போது உதவிக்கு வருபவர்களிடம் படம் பிடிக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுகிறோம். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் நா கூசும்; அந்தப் படம் இல்லையென்றால் மூன்று சீட்டுகளும் போயிருக்கும். எந்த அலமாரியையும் பூட்டுவதாக இருந்தால் இரண்டு வாரம் முன்னதாக அறிவிப்புப் பலகையில் போடுகிறோம். வருகைப் பதிவேட்டை மாதம் முடிந்ததும் கட்டி உள்ளே வைத்துவிடுகிறேன். என் கைக்கும் எட்டாத உயரத்தில்.

அவர் இன்னும் திங்கட்கிழமைகளில் வருகிறார். போன வருஷ இருப்புச் சரிபார்ப்பில் கலைக்களஞ்சியத்தில் ஒரு சீட்டும் இல்லை. வேறு எங்கே மாற்றினார் என்று நான் கேட்கவில்லை, தேடவும் இல்லை. 800 ரூபாய்ச் சீட்டை மட்டும் என்னிடமே விட்டுவைத்திருக்கிறார், யாராவது கேட்டு வந்தால் கொடுக்கச் சொல்லி. அதே பழைய உறைதான். மேலே நூல், தொகுதி, பக்கம் என்று எழுதி, மூன்றுக்கும் எதிரே 'குறிக்கவில்லை' என்று போட்டிருக்கிறேன்.